அட்டாலித் துப்பாக்கியும் தகரப்பெட்டி ஸ்கோப்பும்: வாசகர் கேள்வி பதில்

பழைய ராணுவ ரைபிள், ஸ்கோப் (ரைபிள் மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி), அவற்றின் உதிரிகள் பற்றிக் கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே சங்கதியைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி (காங்கயம்): எங்க அப்பாரு தவறி ரெண்டு வருசமாச்சுங்க. தோட்டத்துச் சாளையில அட்டாலியை (பரணை) ஒழிக்கறப்ப சாக்குல சுத்துன ரைபிள் ஒண்ணும், பழைய லைசென்ஸ் புஸ்தகமும் கிடைச்சுது. பார்த்தவங்க எல்லாம் '303'ங்கறாங்க. கண்ணாடிப் பெட்டி செஞ்சு ஆசாரத்துல (முன்கூடத்துல) மாட்டி வச்சுக்கலாமுங்களா?

பதில்: மாட்டக்கூடாதுங்க. முதல் வேலை, அது நிஜமாகவே .303-தானா என்று தெரிந்துகொள்வது. லீ-என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளைப் போல, தோட்டா ஏற்றக் கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் வைத்த எதைப் பார்த்தாலும் நம் ஊரில் '303' என்றுதான் சொல்வார்கள். வங்காளத்திலுள்ள இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை .315 வேட்டை ரைபிளையும் அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில்தான் செய்தது. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கையில் புழங்கக்கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்து எண்ணத்தில், ராணுவம் பயன்படுத்தாத அளவில் வந்தது அது. குழல்வாயை அளந்து இரண்டையும் பிரிக்க முடியாது. .303 என்பது 7.7 மி.மீ., .315 என்பது 8 மி.மீ. தேய்ந்த குழலில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். குழலின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும் எண்ணையும், லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கும் 'போர்' (bore, குழல் துளை) அளவையும் பாருங்கள். புத்தகத்தில் வரிசை எண்ணும் இருக்கும். அது ரைபிளில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் .303 தடைசெய்யப்பட்ட 'போர்' (குழல் துளை) வகை. .315 அப்படியல்ல. .315 என்றால், 2016 ஆயுத விதிகளின்படி வாரிசு உரிமம் கேட்டு மாவட்ட உரிம அலுவலகத்தில் மனுப் போடலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், பழைய உரிமம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். .303 என்றால் முடிவு மாவட்டத்தில் இல்லை, மத்திய உள்துறையில் இருக்கிறது.

எதுவானாலும் உரிமம் உங்கள் பெயருக்கு வரும்வரை அது வீட்டில் இருக்கக்கூடாது. சட்டத்தின் 21-ம் பிரிவு, வீண் தாமதமில்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. இரண்டு வருடம் வைத்திருந்தோமே என்று பயந்து கிணற்றில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். பதிவேட்டில் இருக்கிற துப்பாக்கி ஒருநாள் கணக்குக் கேட்கும். முதலில் ரைபிளை இருந்த இடத்திலேயே விட்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிறபடி கொண்டுபோய்க் கொடுத்து, வரிசை எண் எழுதிய ரசீது வாங்குங்கள். தடைசெய்யப்பட்ட வகையை உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை. அதே திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வாரிசாக வருவதும் இந்த இரண்டுக்குள்தான் அடங்கும்.

"பழசு, ஓடாது, அதனால் சட்டம் பொருந்தாது" என்று சொல்லித் தருகிறவர்கள் 45-ம் பிரிவைப் பாதி மட்டும் படித்தவர்கள். பழைய வகையோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதானதோ எதுவானாலும், ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. துருப்பிடித்த போல்ட்டை எண்ணெய் விட்டுக் கழற்றிவிடலாம் என்றால் அது ரிப்பேரில் சேர்ந்துவிடும். அந்த நிலையை முடிவு செய்ய வேண்டியது நாமல்ல, அதிகாரி. எழுத்தில் வாங்குங்கள். ஊர் லேத்துப் பட்டறையில் குழலை அடைத்துக்கொண்டு வந்து "செயலிழக்கச் செய்துவிட்டேன்" என்று சொல்வதும் செல்லாது. பதிவான ஆயுதத்தில் கைவைத்த குற்றம் தனியாக வந்து சேரும், ரைபிளின் பழம்பொருள் மதிப்பும் அன்றோடு போகும்.

கேள்வி (அந்தியூர்): மலையடிவாரத்துல பழைய வீடு வாங்கினோம். சுவத்துல வாய்வழியா மருந்து கிட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி ஒண்ணு மாட்டியிருக்குது. நூறு வருசத்துக்கு மேல இருக்கும்னு சொல்றாங்க. இதுல ஆபத்து உண்டுங்களா?

பதில்: உண்டு. பன்றிக்கும் நரிக்கும் பயந்து மருந்து கிட்டித்துத் தயாராக மாட்டிவைப்பது அந்தக் கால வழக்கம். கிட்டித்தவர் போய்ச் சேர்ந்திருப்பார், மருந்து அப்படியே இருக்கும். ஈரம் படாத கரிமருந்துக்கு நூறு வருடம் ஒரு வயதே அல்ல.

குதிரையை (விசையை இழுத்தால் வந்து அடிக்கும் சுத்தியை) தூக்கிப் பார்க்காதீர்கள். குதிரை விழுகிற இடத்தில் நிற்கும் சின்னக் குழாயான நிப்பிளின் மேல் செம்புக் கேப்பு (அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி) உட்கார்ந்திருந்தால் கிட்டவே போகாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். கேப்பு இல்லையென்றால் ஒரு சோதனை செய்யலாம். குழல்வாய்க்கு நேராக முகமோ வயிறோ வராதபடி பக்கவாட்டில் நின்று, மெல்லிய மூங்கில் குச்சியை மெதுவாக உள்ளே விடுங்கள். இடிக்க வேண்டாம், இரும்புக் கம்பியும் வேண்டாம். குச்சி நின்ற இடத்தில் குழல்வாய் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல்வாயில் வரும்படி குழலின் வெளிப்புறத்தோடு வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி நிப்பிளுக்குக் கிட்டத்தட்ட நேராக வந்தால் குழல் காலி. இரண்டு விரற்கடையோ அதற்கு மேலோ முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக்கூடாகவும் இருக்கலாம், கந்தைத் துணியாகவும் இருக்கலாம். மருந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். சூடாக்குவது, டிரில் போடுவது, நிப்பிளை ஸ்பேனர் வைத்துத் திருகுவது எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. மண்ணெண்ணெய் ஊற்றினால் மருந்து செத்துவிடும் என்பதையும் நம்பவேண்டாம்.

வாய்வழித் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். குடகில் கொடவர்களுக்கு விலக்கு இருக்கிறது என்பதைச் சத்தியமங்கலம், அந்தியூர்ப் பக்கம் நமக்கும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது குடகுக்கு மட்டும்.

கேள்வி (சங்ககிரி): "தீரன் சின்னமலை காலத்துத் துப்பாக்கி, கும்பெனி சிங்க முத்திரையோடு" என்று ஒரு பழம்பொருள் தரகர் படம் காட்டுகிறார். நம்பலாமா?

பதில்: படத்தில் குதிரை விழுகிற இடத்தைப் பாருங்கள். அங்கே சிமிழ் மாதிரி ஒரு கிண்ணமும், குதிரை வாயில் சக்கிமுக்கிக் கல்லும் இருந்தால் மேற்கொண்டு பேசலாம். கேப்பு மாட்டுகிற நிப்பிள் இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். சின்னமலை தூக்கிலிடப்பட்டது 1805-ல். கேப்பு முறை பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்ததே 1830-களின் கடைசியில்தான். பழைய கல் துப்பாக்கியைப் பின்னாளில் கேப்புக்கு மாற்றியதாக இருக்கலாம் என்பார் தரகர். அப்படி மாற்றியதில் பூட்டுத் தகட்டில் பழைய கிண்ணம், ஸ்பிரிங் இருந்த துளைகளை அடைத்த தடம் கட்டாயம் இருக்கும். அந்தத் தடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கிழக்கிந்தியக் கும்பெனி முத்திரையில் இரண்டு வகை. முந்தியது நான்காகப் பிரித்த இதய வடிவமும் அதற்குள் எழுத்துகளும். 1808 வாக்கில் தொடங்கி வந்தது பின்கால்களில் நின்று கிரீடம் ஏந்திய சிங்கம். ஆக, சிங்கம் இருந்தாலே அது சின்னமலைக்குப் பிந்தியது. இந்த ஒரு கணக்குக்குத் தரகர்கள் பதில் வைத்திருப்பதில்லை. 'டவர்' என்ற சொல் லண்டன் அரசுக் கிடங்கின் குறி. சிங்கமும் டவரும் ஒரே தகட்டில் நின்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

சுவரில் மாட்ட இப்போது செய்து விற்கிறவற்றை இரும்பே காட்டிக்கொடுக்கும். ஆசிட் தடவி ஏற்றிய துரு செங்கல் நிறத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, விரலில் ஒட்டும். காலத்தால் வந்த துரு காப்பிக்கொட்டை நிறத்தில் இறுகியிருக்கும். நிப்பிளைச் சுற்றி மட்டும் அம்மைத் தழும்பு போல ஆழமாக அரித்திருக்கும், ஏனென்றால் கேப்பின் உப்பு விழுந்த இடம் அது. டார்ச் அடித்துக் குழலுக்குள் பாருங்கள். நீளவாக்கில் வெல்டிங் கோடு தெரிந்தால் அது தண்ணீர்க் குழாய்.

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): எங்கள் பள்ளி என்.சி.சி. அறையில் டிரில் ரைபிள்கள் இருக்கின்றன. மாணவர்கள் அதிலுள்ள எழுத்துகளுக்கு அர்த்தம் கேட்கிறார்கள். எப்படிப் படிப்பது?

பதில்: அரசுச் சொத்து, அதனால் கழற்றாமல், துடைத்து மட்டும் படியுங்கள். போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து பொருந்துகிற இரும்புக் கழுத்தின் வலப்பக்கம்தான் ஜாதகம். மேலே கிரீடம். அதன் கீழ் 'ஜி.ஆர்.ஐ.' என்றால் ஐந்தாம் அல்லது ஆறாம் ஜார்ஜ் மன்னர், இந்தியாவின் பேரரசர் என்ற பொருளில். 'ஐ' இல்லாமல் 'ஜி.ஆர்.' மட்டும் இருந்தால் பெரும்பாலும் இங்கிலாந்தில் செய்தது. 'இ.ஆர்.' என்றால் 1910-க்கு முந்தைய எட்வர்டு காலம். கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கமும் 'ஆர்.எஃப்.ஐ.'யும் (ரைபிள் ஃபேக்டரி, இஷாப்பூர்) இருந்தால் சுதந்திரத்துக்குப் பின் இஷாப்பூரில் செய்தது. அதற்குக் கீழே ஊர்ப் பெயர், ஆண்டு, குட்டை லீ-என்ஃபீல்டு என்பதன் சுருக்கம், பிறகு ரோமன் மூன்று.

அந்த மூன்றுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். 1907-ல் வந்த மார்க் 3-ல் மாகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) மறைக்கும் தகடு, கட்டையின் பக்கவாட்டில் தொலைதூரக் குறிபார்ப்பான், பக்கவாட்டில் நகரும் பின் சைட் எல்லாம் இருந்தன. உலகப்போரில் கைக்கும் நேரத்துக்கும் தட்டுப்பாடு வந்ததும் 1916-ல் இவற்றையெல்லாம் கழித்துவிட்டு எளிதாக்கினார்கள். அந்தக் கழிவுக்கு அடையாளம்தான் நட்சத்திரம்.

ஆங்காங்கே அம்புக்குறியும் இருக்கும். கோழிக்கால் என்று மாணவர்கள் சொன்னால் திருத்த வேண்டாம், பார்க்க அப்படித்தான் இருக்கும். அது அரசு உடைமைக் குறி. அம்புக்குக் கீழ் 'ஐ' என்றால் இந்தியா. 'சி' எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால் படையிலிருந்து கழித்து விற்றது.

'டி.பி.' என்ற எழுத்துதான் பள்ளியில் மிக முக்கியம். டிரில்லுக்கு மட்டும், சுடக்கூடாது என்று பொருள். குழலில் துளை, வெட்டிய ஊசி, கட்டையில் பெயின்ட் பட்டை எல்லாம் அதோடு சேர்ந்தவை. முன்கட்டையில் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருந்தால், அது கையெறி குண்டைக் கிண்ணத்தில் வைத்து ஏவப் பயன்பட்ட ரைபிள். ஏவும் அதிர்ச்சியில் கட்டை பிளக்காமலிருக்கக் கம்பி. கம்பி இல்லாமல், மாகசினுக்கு முன்னால் கட்டையைக் குறுக்கே துளைத்து ஒரு திருகு மட்டும் இருந்தால் அது இஷாப்பூரின் கைவேலை. சேகரிப்பாளர்கள் அதை இஷாப்பூர் திருகு என்றே சொல்கிறார்கள்.

வரிசை எண் உடல், குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், குழல்முனையில் உள்ள மூக்குத் தொப்பி, பின் சைட் தகட்டின் அடிப்பக்கம் என்று பல இடத்தில் இருக்கும். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் பிறந்த உருவம் கலையவில்லை என்று அர்த்தம். டிரில் ரைபிளில் பெரும்பாலும் கலைந்துதான் இருக்கும், அதில் குறையொன்றுமில்லை. சுடும் ரைபிளில் போல்ட் எண் மட்டும் மாறியிருந்தால் அது பண மதிப்புக் கேள்வி மட்டுமல்ல, உயிர்க் கேள்வியும்கூட. ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த உடலுக்குப் பார்த்துப் பொருத்தியிருப்பார்கள். மாற்றினால் தோட்டாவின் பின்னிடைவெளி கூடி, வெடிக்கும்போது தோட்டாக்கூடு கிழிந்து சூடான வாயு பின்பக்கம் வரலாம்.

கைபர் கணவாய்ப் பட்டறைகளில் கையால் செய்த போலிகளையும் இதே கழுத்தில்தான் பிடிப்பார்கள். திருப்பிப் போட்ட எழுத்து, கோணலான கிரீடம், எல்லாவற்றுக்கும் மேலாக 'வி.ஆர்.' என்று விக்டோரியா குறி. விக்டோரியா இறந்தது 1901-ல், இந்த ரைபிள் வந்தது அதற்குப் பிறகுதான்.

கேள்வி (திருப்பூர்): மகன் டெக்ஸாஸில் எச்-1பி விசாவில் இருக்கிறான். அங்கே இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் ஸ்னைப்பர் ரைபிள், ஸ்கோப்போடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். 'நம்பர் 4 மார்க் 1 டி' என்கிறான். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? பிறகு ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: ஊருக்குக் கொண்டுவர முடியாது. அது .303. அதற்கும் முன்னால் ஒரு சங்கதி: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டமே பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மகன் அங்கே ஒரு வக்கீலிடம் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். நண்பர் பெயரில் வாங்கிவைக்கிற யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள், அது அங்கே தனிக் குற்றம்.

இனி அசல் பார்க்கிற வழி. போலி செய்ய இதைவிட லாபமான ரைபிள் கிடையாது. சாதாரண நம்பர் 4 விலைக்கும் ஸ்னைப்பர் விலைக்கும் அவ்வளவு தூரம். அதனால் எந்த ஒரு குறியையும் தனியாக நம்பாமல், குறிகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்து நன்றாகக் குறிவிழுந்த ரைபிள்களைப் பொறுக்கி, 1942-லிருந்து லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனிக்கு அனுப்பி ஸ்கோப் பொருத்தினார்கள். பெரும்பாலானவை பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்தவை, 'எம் 47 சி' என்ற குறியோடு வரும். பொறுக்கியதற்கு அடையாளமாகக் கழுத்தின் இடப்பக்கம் 'டி.ஆர்.', மாற்றியதற்கு அடையாளமாக உடலின் இடச்சுவரில் 'டி', ஹாலண்டின் வேலை என்பதற்குப் பின்கட்டையின் அடியில் 'எஸ் 51'. இந்த எழுத்துகள் யார் வேண்டுமானாலும் பஞ்ச் வைத்து அடிக்கக்கூடியவை. ஆகவே பஞ்ச் அடித்த பள்ளத்தின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசலில் ஓரம் மழுங்கி, பள்ளத்துக்குள்ளும் மேற்பரப்பில் உள்ள அதே கறுப்பு இருக்கும். நேற்று அடித்ததில் ஓரம் மேலெழும்பி விரலில் உரசும், பள்ளத்தின் அடி பளபளக்கும்.

உடலின் இடப்பக்கம் ஸ்கோப் பிராக்கெட் உட்காரும் இரண்டு இரும்புத் திண்டுகள்தான் போலி செய்பவன் தடுக்கி விழுகிற இடம். அசலில் ஈயப்பற்று வைத்து ஒட்டி, திருகும் போட்டு, திருகு தானாகக் கழலாதபடி தலையோரத்தைக் குத்தி நிறுத்தியிருப்பார்கள். வெல்டிங் மணிகள், பிளஸ் தலைத் திருகு, திண்டைச் சுற்றி மட்டும் புதுக் கறுப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம். பின் சைட்டையும் தூக்கிப் பாருங்கள். சாதாரண நம்பர் 4-ல் அருகிலுள்ள இலக்குக்கு ஒரு பெரிய துளை கீழே இருக்கும். ஸ்னைப்பரில் அதை அரைத்து எடுத்திருப்பார்கள். கன்னம் வைக்க மரத்துண்டும் பின்கட்டையில் திருகியிருக்கும்.

இதற்குமேல்தான் திருமணப் பொருத்தம். பிராக்கெட்டில் ரைபிளின் வரிசை எண் இருக்க வேண்டும். பின்கட்டையின் கழுத்துமேல், மரத்தில், ஸ்கோப்பின் எண் இருக்க வேண்டும். படையில் ஸ்கோப் பழுதாகி வேறு மாட்டியிருந்தால் பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புது எண்ணை அடித்திருப்பார்கள். அப்படி அடித்திருப்பது குறையல்ல, ஒரு வகையில் நல்ல சாட்சி. மரத்தைத் தேய்த்து வார்னிஷ் போட்டதில் எண்ணே இல்லை என்றால், யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள்.

ஒரு விலக்கு: கனடாவின் லாங் பிராஞ்சில் செய்த ஸ்னைப்பர்களை அங்கேயே முடித்தார்கள். அதில் 'எஸ் 51' இல்லாததே சரி. இருந்தால்தான் சந்தேகம். அமெரிக்காவில் 1968-க்குப் பின் இறக்குமதியானவற்றில் குழலிலோ உடலிலோ இறக்குமதியாளர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். விற்பவர் "என் தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது" என்று சொல்லி, குழலில் அந்த எழுத்தும் இருந்தால், தாத்தா கதை அங்கேயே முடிந்தது.

கேள்வி (நாமக்கல்): ரஷ்ய மோசின்-நாகான்ட் ஸ்னைப்பருக்கும் இதே விதிதானா?

பதில்: கொள்கை அதேதான், இடங்கள் வேறு. அதில் மாட்டும் பி.யு. வகை ஸ்கோப் 3.5 மடங்கு பெருக்கிக் காட்டும். அதன் எண்ணைக் குழலடியில் பொறித்திருப்பார்கள். போல்ட் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்காமலிருக்க நீளமாகக் கீழே வளைந்திருக்கும். சாதாரண நேர்க் கைப்பிடியை வெட்டி வளைத்து ஒட்டியதில் வளைவில் வெல்டிங் தழும்பு தெரியும், நீளமும் போதாது. போருக்குப் பின் ஸ்கோப்பைக் கழற்றி, துளைகளை அடைத்துச் சாதாரண ரைபிளாக்கியவையும் ஏராளம். அவற்றில் மறுபடி ஸ்கோப் மாட்டி அசல் என்று விற்பது நடக்கிறது. பாதி உண்மை என்பதால் பிடிப்பது சிரமம். அடைத்த துளையின் வட்டம் திண்டுக்கு அடியில் லேசாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): ஊட்டியில் ஒரு பழைய சாமான் கடையில் தகரப் பெட்டியோடு பழைய ஸ்கோப் வாங்கினேன். 'நம்பர் 32' என்றும் 'ஓ.எஸ். 466 ஏ' என்றும் இருக்கிறது. உள்ளே பார்த்தால் மங்கல். அசலா? சரிசெய்ய முடியுமா?

பதில்: எண் நல்ல எண். 'ஓ.எஸ். 466 ஏ' மார்க் 1, '1650 ஏ' மார்க் 2, '2039 ஏ' மார்க் 3. மேலே சொன்ன ஸ்னைப்பரில் மாட்டியது இதே நம்பர் 32-தான். பிரென் எந்திரத் துப்பாக்கிக்கென்று முதலில் வடிவமைத்தது என்பதால்தான் இப்படிக் கனக்கிறது. 3 மடங்கு பெருக்கம், முன் லென்ஸ் 19 மி.மீ. உள்ளே பார்த்தால் கூரான ஒரு தூணும் குறுக்கே ஒரு கம்பியும் தெரிய வேண்டும். சிலுவைக் கம்பியோ சிவப்புப் புள்ளியோ தெரிந்தால் உள்ளே வேறு சாமான். மார்க் 1 டிரம்மில் (தூரம் வைக்கத் திருப்பும் குமிழில்) தூரம் 50 கஜம் 50 கஜமாக நகரும். மார்க் 2-லிருந்து ஒரு கிளிக்குக்கு ஒரு மினிட் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). மார்க் 3-ல்தான் தனிக் கருவி இல்லாமல் டிரம்மைச் சுழியத்துக்குக் கொண்டுவர முடியும். உங்கள் ஸ்கோப்பில் எண் 466 என்று இருந்து, கிளிக் ஒரு மினிட்டாக நகர்ந்தால், டிரம் மாறியிருக்கிறது.

மங்கலுக்குக் காரணம் மூன்றில் ஒன்று. வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி, டார்ச்சை மறுமுனையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போலக் கிளைத்திருந்தால் பூஞ்சணம், ஊட்டி ஈரத்தின் கைங்கரியம். ஓரத்திலிருந்து எண்ணெய் மிதந்த தண்ணீர் மாதிரி வானவில் நிறம் பரவியிருந்தால், இரண்டு லென்ஸை ஒட்டிய கனடா பால்சம் பிசின் விட்டுப்போயிருக்கிறது. சீரான புகைமூட்டம் என்றால் கிரீஸ் ஆவி படிந்தது. மூன்றாவதுதான் எளிது. முதலாவதை ஆரம்பத்திலேயே துடைத்தால் போகும். விட்டால் கண்ணாடியின் மேற்பரப்பையே தின்றுவிடும், பிறகு துடைத்தும் பயனில்லை. பால்சம் விட்டதை லென்ஸ் வேலை தெரிந்தவர்தான் பிரித்து ஒட்ட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது வெளிமுகம் இரண்டும் மட்டுமே. முதலில் ஊதுபந்தால் தூசியை விரட்டுங்கள். தூசியோடு துடைத்தால் மணல் தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் தாளை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றித் துடையுங்கள். வேட்டி நுனி வேண்டாம். உள்ளே திறக்க நினைத்து வளையத்தை இடுக்கியால் திருப்பினால் முதலில் வளையம் சிதையும், அடுத்து லென்ஸ் இடம் மாறும்.

டிரம் சரியாக வேலை செய்கிறதா என்று ரைபிள் இல்லாமலே பார்க்கலாம். தேக்குக் கட்டையில் 'வி' வடிவப் பள்ளம் வெட்டி, ஸ்கோப்பை அதில் அசையாமல் உட்காரவைத்து, சரியாக 25 மீட்டர் தள்ளி ஒரு கட்டத்தாளைச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு மினிட் கோணம் 25 மீட்டரில் 7.3 மி.மீ. மினிட் கிளிக் உள்ள ஸ்கோப்பில் 10 கிளிக் திருப்பினால் தூண்முனை 73 மி.மீ. நகர வேண்டும், 10 கிளிக் திரும்பினால் கிளம்பிய புள்ளிக்கே வர வேண்டும். போகும்போது நகர்ந்து, வரும்போது இரண்டு மூன்று கிளிக் சும்மா சுற்றினால் உள்ளே திருகு தேய்ந்திருக்கிறது. காட்சிப் பொருளுக்கு அது குறையில்லை, விலை பேசும்போது மட்டும் நினைவிருக்கட்டும்.

பெட்டியையும் ஸ்கோப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். தகரப் பெட்டி நம்பர் 8 கேஸ் என்றால் அதற்கென்றே விலை உண்டு. வேறு கருவியின் பெட்டியில் ஸ்கோப்பைப் போட்டு விற்பதும் சகஜம். இதே போல இன்னொன்று வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைத்தால் ஒன்று: ஆயுதத்தில் பொருத்தும் ஸ்கோப் சுங்கத்தில் 9013 என்ற தனித் தலைப்பில் வருகிறது. "பைனாகுலர்" என்று எழுதி அனுப்பச் சொன்னால் அது பொய்யான அறிவிப்பு. சரக்கும் போகும், அபராதமும் வரும். ஆர்டர் போடும் முன் சுங்கத்திலும் உரிம அலுவலகத்திலும் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (கரூர்): 1907 மாடல் பயனெட், கொக்கியோடு இருக்கிறது. விலை அதிகம் சொல்கிறார்கள்.

பதில்: 1907 பயனெட்டின் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியின்) அலகு 17 அங்குலம். குறுக்குக் கட்டையில் இருந்த கொக்கியை 1913-ல் கைவிட்டார்கள், ஏற்கெனவே இருந்ததிலும் வெட்டி எடுத்தார்கள். அதனால் கொக்கியோடு இருப்பது அபூர்வம், அதனாலேயே கொக்கி ஒட்டுகிறவர்களும் உண்டு. கைப்பிடிக்குப் பக்கத்தில் அலகின் அடியில் மாதமும் ஆண்டும் எண்ணில் இருக்கும். '1907' என்பது மாடல் பெயர், செய்த ஆண்டல்ல. செய்த தேதி '16 என்று இருந்து கொக்கியும் இருந்தால் கணக்கு உதைக்கிறது. இந்தியாவில் பின்னாளில் அலகை 12 அங்குலமாகக் குறைத்தார்கள். அந்தக் குட்டை வகையை "உடைந்தது" என்று மலிவாக விற்றால் பேசாமல் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி (தாராபுரம்): கட்டைக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?

பதில்: வேண்டாம். சிக்குப் பிடித்துத் தூசியை இழுக்கும். காய்ச்சாத ஆளி விதை எண்ணெய், உள்ளங்கையில் நாலு சொட்டு, தேய்த்துச் சூடேற்றி, ஒருநாள் விட்டுத் துடைக்கவும். வார்னிஷ், உப்புத்தாள் இரண்டும் கூடவே கூடாது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். சுருட்டிய ஆளி எண்ணெய்த் துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

கேள்வி (வால்பாறை): உரிமத்தோடு வைத்திருக்கும் பழைய எஸ்டேட் ரைபிள். மழைக்காலத்தில் எவ்வளவு துடைத்தாலும் துரு வருகிறது.

பதில்: தோல் உறையில் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் காரணம் அதுதான். பதப்படுத்திய தோலில் உப்பும் அமிலமும் ஈரத்தோடு தங்கும். உறையில் பட்டுக்கொண்டிருக்கும் பக்கம் மட்டும் துரு அதிகமாக இருந்தால் இது உறுதி. உறையைத் தனியாகவும் ரைபிளைத் தனியாகவும் வையுங்கள். இரும்பு அலமாரிக்குள் ஈரப்பத மீட்டர் ஒன்று வைத்து 45 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்தப் பாருங்கள். அதற்குக் கீழே போனால் கட்டை சுருங்கி வெடிக்கும். ஈரம் உறிஞ்ச வைக்கும் சிலிக்கா ஜெல் மணிகள் நிறம் மாறியதும் ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். நிறம் மாறியதைப் பார்த்துக்கொண்டே ஆறு மாதம் விட்டுவைத்தால் அது வெறும் மணல்.

துடைப்பதற்குத் தையல் மிஷின் எண்ணெய் போதும், துணியில் ஈரமாகத் தெரிகிற அளவு. இருக்கிற துருவுக்கு நான்கு சைபர் (0000, மிக மெல்லிய) இரும்புப் பஞ்சை எண்ணெயில் நனைத்து மெதுவாக உருட்டுங்கள். செந்துரு வந்துவிடும், அடியிலுள்ள பழைய கறுப்பு நிற்கும். கறுப்பு போய் வெள்ளை இரும்பு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். எண்ணெய் கட்டைக்குள் இறங்காமலிருக்க ரைபிளைக் குழல்வாய் கீழே இருக்கும்படி தலைகீழாக நிறுத்துவது எஸ்டேட்காரர்களின் பழைய வழக்கம், சரியான வழக்கமும்கூட. பின்கட்டைக் கழுத்து எண்ணெய் குடித்துக் கறுத்து மெத்தென்று ஆகிவிட்ட ரைபிள்களில், சுடும் அதிர்ச்சியில் முதலில் பிளப்பது அந்த இடம்தான்.